ராஜயோகம் வந்த கால்

என் அக்கா புருஷனை ஏமாற்றுவதுதான் என் முதல் தொழில். கடலூரில் ஓர் ஆசுபத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் வேலை அதற்கப்புறம் வந்தது. முதல் தொழிலுக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் அதற்கு நான் ஒரே ஒரு நாள்தான் லீவு போட்டிருக்கிறேன். அந்த நாள் எப்படி வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா சிதம்பரம் கீழ வீதியில் வளையல் கடை வைத்திருந்தார். வளையல் போட வரும் பெண்களின் கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, எலும்பே இல்லாத கை மாதிரி பிசைந்து, ஒரு வளையல்கூட உடையாமல் ஏற்றிவிடுவார். அது முடிவதற்குள் அந்தக் கையில் ஒரு மச்சத்தைக் கண்டுபிடித்துப் பலனும் சொல்லிவிடுவார். "மணிக்கட்டுல மச்சமா? இது அன்னம் போடற கைம்மா. பச்சை வளையலு போட்டீங்கன்னா இன்னும் விசேஷம்." கடையில் எந்த நிறம் ஜாஸ்தி தேங்கிக் கிடக்கிறதோ, அந்த நிறம்தான் அந்த மச்சத்துக்கு ராசி.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று நினைத்தால் மாமாவைப் புரிந்துகொள்ள முடியாது. வியாபாரத்துக்காகச் சொன்னதை முதலில் நம்புகிற ஆள் அவர்தான். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மச்ச சாஸ்திரப் புத்தகம் இருந்தது. அதற்கு அட்டை கிடையாது, கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம் இருந்த பாட்டுகள் எல்லாம் மாமாவுக்கு மனப்பாடம். அவருக்கு இருந்த ஒரே வருத்தம், ஊரார் மச்சத்துக்கெல்லாம் பலன் சொல்லும் அவர் உடம்பில் சொல்லிக்கொள்ளும்படியாக ஒரு மச்சமும் இல்லை என்பதுதான். எனக்கோ முதுகில் ஒன்று, கழுத்தில் ஒன்று. "தகுதி பாத்தா குடுக்கறான் ஆண்டவன்?" என்று என்னைப் பார்த்தே சொல்லுவார்.

அந்த வருத்தத்தைப் போக்குவது மைத்துனன் கடமை அல்லவா? புண்ணில் ஓங்கி வளரும் சதையைச் சுட ஆசுபத்திரியில் சில்வர் நைட்ரேட் என்று ஒரு குச்சி உண்டு. தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். தேய்த்தால் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா சாப்பிட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது, அவருடைய வலது உள்ளங்காலில் சுண்டுவிரலுக்குக் கீழே அந்தக் குச்சியால் ஒரு பொட்டு வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகச் சாயங்கால ரயிலில் கடலூருக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அக்கா சொல்லித்தான் மீதி தெரிந்தது. உள்ளங்காலில் மச்சம் வந்தால் ராஜயோகம் என்று புத்தகத்தில் பாட்டே இருக்கிறதாம். மாமா கடையில் ஒரு காலை மடித்து, உள்ளங்காலை வீதிப் பக்கம் காட்டியபடியே உட்கார்ந்திருக்கிறார். வளையல் வாங்க வந்த ஒரு அம்மாள், "என்னாய்யா, என் மூஞ்சிக்கு நேரா காலக் காட்டறே?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். பத்தாம் நாள் குளிக்கும்போது ராஜயோகம் தோலோடு உரிந்து வந்துவிட்டது.

இது யார் வேலை என்று மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவரும் சும்மா இருந்துவிடவில்லை. எனக்குப் பெண் பேச வந்தவர்கள் முன்னால், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்ள தங்கமான புள்ள. முதுகுல மட்டும் ஒரு மச்சம் இருக்குது. ரெண்டு பொண்டாட்டி யோகம்னு சாஸ்திரம் சொல்லுது. வேற ஒரு கொறையும் இல்ல" என்றார். பெண்ணின் அப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அப்புறம் மாமாவே அவர்கள் வீட்டுக்கு மூன்று நடை நடந்து சமாதானம் சொல்லி அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தார். என் மனைவி இன்றைக்கும் என் முதுகைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கிறாள்.

இதெல்லாம் இரண்டாவது உலகச் சண்டையின் ஆரம்பத்தில். அதற்கப்புறம் வந்த இரண்டு வருஷங்களில் ஆசுபத்திரி எனக்கு வேறு ஒரு மச்ச சாஸ்திரத்தைக் கற்றுக்கொடுத்தது. மூன்று பேர் மூலமாக அதைக் கற்றுக்கொண்டேன்.

முதல் ஆள் கடலூர் முதுநகரில் இருந்த ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். ரயில் இஞ்சின் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். வெயிலில் சிவக்கிற தோல். மூக்கின் ஓரத்தில் பளபளவென்று ஓரம் கட்டிய ஒரு சின்னப் புண். பொருக்கு விழும், ஆறின மாதிரி இருக்கும், மறுபடியும் வரும். இப்படியே ஆறு வருஷம். சவரம் செய்யும்போது கத்தி பட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டாமவர் நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு எடை போடும் கணக்கர். இடுப்பில் வேட்டியும் அரைஞாணும் முப்பது வருஷமாக ஒரே இடத்தில் இறுக்கி இறுக்கி, தோல் முதலில் வெளுத்து, பிறகு தடித்து, பிறகு வெடித்துப் புண்ணாகிக் காலிஃபிளவர் மாதிரி வளர்ந்திருந்தது. "கொஞ்சம் தளத்திக் கட்டக் கூடாதாய்யா?" என்று கேட்டேன். "தளத்திக் கட்டினா மானம் போயிடுமே தம்பி" என்றார். உயிர் போனால் மானத்தை யார் இடுப்பில் கட்டுவது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. வயசுக்கு மரியாதை கொடுத்து விழுங்கிக்கொண்டேன்.

இருவருக்கும் எங்கள் சர்ஜன் சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து அகலமாக வெட்டி எடுத்தார். இருவருமே பிழைத்தார்கள். இரண்டுமே தோலில் வரும் புற்றுதான் என்றார் சர்ஜன். அவர் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைப்பவர். அதனால் அவர் சொன்னதை நான்தான் எனக்குப் புரிகிற பாஷையில் போட்டுக்கொண்டேன். முதலாவது, வந்த இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தின்கிற விருந்தாளி. வேறு வீட்டுக்குப் போகாது, ஆனால் விட்டுவைத்தால் மூக்கையும் கண்ணையும் தின்னும். இரண்டாவது மெதுவாகக் கூடத்திலிருந்து சமையற்கட்டுக்குள் நுழைகிற விருந்தாளி. நாளானால் தொடை இடுக்கு மாதிரிப் பக்கத்தில் இருக்கும் நெறிக்கட்டிகளுக்குள் இறங்கிவிடும்.

மூன்றாவது ஆள் பண்ருட்டிக்காரர். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் மேஸ்திரி. குதிகாலில் ஒரு கறுப்பு மச்சம் புதிதாக வந்து பெரிதாகிக்கொண்டே போக, செருப்புக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று முந்திரிக்கொட்டை எண்ணெயை வைத்துச் சுட்டுவிட்டார். அந்தப் பக்கத்தில் மரு, மச்சம் எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். மேலே வெந்தது, அடியில் இருந்தது அப்படியே இருந்தது. எங்களிடம் வரும்போது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. சர்ஜன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கை கழுவப் போய், கழுவிக்கொண்டே நின்றார். இதுவும் புற்றுதான், மூன்றாவது விருந்தாளி. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கொல்லைப்புற வழியாக நாலு வீட்டுக்குள் போய்விடும். "கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் வராதுன்னு சொல்றாங்களே சார்?" என்று கேட்டேன். "நமக்கு வெயில் படாத இடத்துல வரும். உள்ளங்கால், நகத்தடி. அங்கதான் எவனும் பாக்கறதில்ல" என்றார்.

மேஸ்திரி எனக்கு ஒரு பை முந்திரிப்பருப்பு கொடுத்தார். "கால் ஆறினதும் பலாப்பழம் கொண்ணாறேன் தம்பி, ஒங்க ஆசுபத்திரிக்கே போதும்" என்றார். அவர் வந்தது தை மாசம். பலா பழுக்கும் வரைக்கும் அவர் இருக்கவில்லை. அந்தப் பருப்பை என்னால் சாப்பிட முடியவில்லை. யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

அந்த வருஷ மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போனேன். தேர் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் நசுங்கி வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் நானும் மாமாவும் கால் கழுவினோம். மாமா கல்லின் மேல் வலது காலைத் தூக்கி வைத்துத் தேய்த்தார். உள்ளங்காலில் சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கறுப்பு.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிஷம் பண்ருட்டிக்காரரின் குதிகால் ஞாபகம் வந்தது. புளியங்கொட்டை அளவு இருந்தது. ஒரு பக்கம் நல்ல கறுப்பு, மறுபக்கம் பழுப்பு. ஓரம், ஈரக் காகிதத்தில் மை சிந்தியது போல ஒழுங்கில்லாமல் பரவியிருந்தது. நான் பொட்டு வைத்த அதே இடம்.

"எப்பலேருந்து மாமா இது?"

"ஒரு வருசமா இருக்குது. ஒன்னாண்ட சொல்லல. சொன்னா சிரிப்பே" என்று பெருமையாகக் காலைத் திருப்பினார். "இந்தத் தடவ நெசம்டா மச்சான். தேச்சுப் பாரு. போவாது. மாசா மாசம் வளருது வேற. ராஜயோகம் வளர்பிறையில இருக்குது."

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பண்ருட்டிக்காரர் கதையைச் சொன்னேன். நாளைக்கே கடலூருக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். மாமா கிணற்றடியே அதிரும்படி சிரித்தார். "பொய் மச்சம் வெச்சி ஏமாத்தினே. நெச மச்சம் வந்ததும் வயித்தெரிச்சல்ல அதப் புடுங்கப் பாக்கறியா? நடக்காதுடா!" அக்காவிடம் போனேன். அவள் களி கிண்டிக்கொண்டே, "ஒங்க ரெண்டு பேரு வெளையாட்டுல நான் தலையிட மாட்டேன். அவுங்க சொல்றதயும் நம்ப முடியல, நீ சொல்றதயும் நம்ப முடியல" என்று சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும் ரயிலில் எனக்கு அழுகை வந்தது. என் மேலேயே கோபம் வந்தது. நான் பூசிய மருந்தாலேயே இது வந்திருக்குமோ என்ற பயம் வேறு. மறுநாள் சர்ஜனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மருந்தால வராது. ஆனா ஒன் பேச்சை எவனும் நம்பாததுக்கு நீதான் காரணம். போய்க் கூட்டிட்டு வா, சீக்கிரம்" என்றார். அது அவர் கணக்கில் பெரிய சொற்பொழிவு.

உண்மையைச் சொல்லி மாமாவை அசைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. எனக்கு நன்றாக வருகிற தொழில் இன்னொன்று இருக்கிறதே! மாமாவின் புத்தகத்தில் இல்லாத கடைசிப் பக்கத்தை நானே எழுதுவது என்று முடிவு செய்தேன். ஒரு பழைய காகிதத்தைக் காபி டிக்காஷனில் நனைத்து வெயிலில் காயவைத்தேன். ஓரத்தைக் கிள்ளிக் கரையான் தின்ற மாதிரி செய்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் என் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த இலக்கணம் அன்றைக்குத்தான் பயன்பட்டது.

நாற்பது கடந்தோன் நடக்கும் காலடியில்
தோற்றிய மச்சம் தொடர்ந்து வளர்ந்திடில்
ஏற்றமும் யோகமும் இவனுக் கில்லையே;
மாற்றமில் மைத்துனன் மன்னன் ஆவனே.

மாமாவுக்கு வயசு நாற்பத்திரண்டு. அவர் என்னவானாலும் பொறுத்துக்கொள்வார், நான் மன்னன் ஆவதை மட்டும் பொறுக்க மாட்டார் என்பதுதான் என் நம்பிக்கை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கே போனேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜோசியரிடம் இதே சாஸ்திரம் முழுசாகக் கையெழுத்துப் பிரதியாக இருக்கிறதென்றும், அதிலிருந்து உதிர்ந்த ஏடு இது என்றும் சொல்லி நீட்டினேன். "அந்த மச்சத்த வெச்சிக்கங்க மாமா. எடுக்கவே எடுக்காதீங்க. எனக்கு நல்லதுதான" என்றேன்.

மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாம் தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வளையல் வாங்க இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "நாளைக்கி வாங்கம்மா" என்று அவர்களை அனுப்பிவிட்டுக் கடைப் பலகையை ஒவ்வொன்றாக எடுத்து அடைத்தார்.

"ஒனக்கு ராஜயோகம் வர்றதுக்கு என் காலு வேணுமாடா? எப்ப ரயிலு?" என்றார்.

என் பாட்டு வேலை செய்துவிட்டதென்று எனக்கு ஒரே கர்வம். ரயிலில் முதுநகர் வரைக்கும் அந்த நாலு வரியை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சர்ஜன் காலைப் பார்த்தார். முழங்கால் மடிப்பிலும் தொடை இடுக்கிலும் விரலால் துழாவினார். கட்டி எதுவும் இல்லை. சுண்டுவிரல், பக்கத்து விரல், அவற்றோடு பாதத்தில் ஓரமாக ஒரு துண்டு போக வேண்டும் என்றார். மாமா வளையல் பேரம் பேசுகிற குரலில், "மேலாக்க சொரண்டி விட்டா பத்தாதுங்களா? ஒரு வெரலோட முடிச்சிக்குவோமே" என்றார். "இதுல பேரம் கிடையாது" என்றார் சர்ஜன். மூக்கில் மயக்க மருந்து வைக்கும்போது என் சட்டையைப் பிடித்த மாமாவின் கை, மயங்கின பிறகும் விடவில்லை. நான்தான் விரலைப் பிரித்தேன்.

வெட்டியதைப் பரிசோதனைக்கு மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். பதில் வரும் வரைக்கும் நான் சாப்பிட்டது எதுவும் எனக்கு ருசிக்கவில்லை. அது மூன்றாவது விருந்தாளிதான் என்றும், வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை என்றும் பதில் வந்தது. "இதோட முடிஞ்சுதுன்னு இப்பச் சொல்ல முடியாது. தொடை இடுக்கில கட்டி வருதான்னு பாத்துக்கிட்டே இரு. அஞ்சு வருஷம் தாண்டினா பெரும்பாலும் பயமில்ல" என்றார் சர்ஜன். அக்காவிடம் சொன்னபோது அவள் என்னை ஓங்கி ஒரு அறை விட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். எந்தக் குற்றத்துக்கு அறை என்று நான் கேட்கவில்லை. அவளிடம் கணக்கு நிறைய இருந்தது.

மாமா, முன்பக்கத்தில் பஞ்சு வைத்துத் தைத்த செருப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து நடந்து, மறுபடியும் கீழ வீதிக் கடையில் உட்கார்ந்தார். மச்ச பலன் சொல்வதை விடவில்லை. ஆனால் இப்போது கையைப் பிசையும்போது முதலில் கேள்வி கேட்டார். "இது பொறந்ததுலேருந்து இருக்குதாம்மா, இல்ல புதுசா? வளருதா? நெறம் மாறுதா? ரத்தம் கித்தம் வருதா?" பிறப்பிலிருந்து இருந்து, அப்படியே இருந்தால் அன்னம் போடும் கை, பச்சை வளையல் எல்லாம் பழையபடி. புதிதாக வந்து வளர்ந்தால், "இந்த மச்சத்துக்குப் பலன் என்னாண்ட இல்லம்மா. கடலூர்ல என் மச்சான் இருக்கறான், அவனப் போயி பாரு" என்பார். அப்படி வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. ஒரு அம்மாளின் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் இருந்த கறுப்புக் கோடு மட்டும் சர்ஜனின் முகத்தை மாற்றியது. கட்டைவிரல் போனதோடு அவள் தப்பினாள்.

ஒவ்வொரு திருவாதிரைக்கும் நான் போவேன். மாமா பாயில் படுத்து வேட்டியை ஒதுக்குவார். நான் தொடை இடுக்கைத் தடவிப் பார்ப்பேன். "கூச்சமா இருக்குதுடா! ராஜாவத் தொடற மாதிரி மெள்ளத் தொடு" என்று நெளிவார். நானும் சிரித்துக்கொண்டே தடவுவேன். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருக்கும். விரலுக்கு அடியில் எதுவும் தட்டக் கூடாதே என்று உள்ளே நடராஜரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

சுதந்திரமும் வந்து, ஐந்தாவது திருவாதிரையும் வந்தது. தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "அவ்வளவுதான் மாமா, அஞ்சு வருஷம் முடிஞ்சிது" என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். அவரை இளப்பமாகப் பார்க்க எனக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே என்று, "ஒரு விஷயம் சொல்லட்டுமா? அந்தப் பாட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ எழுதினது. காகிதத்துல காபி வாசனயும் ஆசுபத்திரி வாசனயும் சேந்து அடிச்சிது. அத விட மோசமான பாட்ட நான் படிச்சதே இல்ல" என்றார்.

என் கர்வம் ஐந்து வருஷத்தோடு சேர்ந்து கீழே விழுந்தது. "தெரிஞ்சுமா வந்தீங்க? அப்புறம் ஏன் வந்தீங்க?"

"காகிதத்த நீட்டினியே, அப்ப ஒன் கை நடுங்கிச்சி. எத்தினி வருசமா என்ன ஏமாத்தறே, ஒரு தடவயாச்சும் ஒன் கை நடுங்கியிருக்குதா? நான் வளையல்காரன்டா. நாளு பூரா கையப் புடிச்சிக்கிட்டிருக்கறவன். மச்சம் பொய் சொல்லும், வாயி பொய் சொல்லும், கை சொல்லாது."

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த தடவ கைய இறுக்கிப் புடிச்சிக்குவே. அப்புறம் நெசம் எது, பொய் எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று வேட்டியைச் சரி செய்தார். "ஒவ்வொரு வருசமும் நீ தடவறப்ப நான் ஒன் மூஞ்சியப் பாக்கல. கையத்தான் பாத்தேன். நாலு வருசமா நடுங்கிச்சி. இன்னிக்கி நடுங்கல. அப்ப நெசமாவே ஒண்ணும் இல்ல, இல்ல மச்சான்?"

"இல்ல மாமா" என்றேன். திருப்பி ஏமாற்ற ஒரு பொய்யும் தேடவில்லை. அவருடைய மூன்று விரல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நாள்தான் என் முதல் தொழிலுக்கு நான் போட்ட லீவு.